ஜவ்வரிசிக் களத்தில் திருப்பி அனுப்பிய ஹெலிகாப்டர்

சென்ற மாதம் நாமக்கல்லில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அவசர நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல நேர்ந்தால் தரையில் இருப்பவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வருவாய், தீயணைப்பு, மருத்துவத் துறைகளின் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் அதிகாரி எழுந்தார்.

"ஐயா, சேந்தமங்கலம் பக்கம் பிரசவக் கேஸுக்கு வந்த ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பினது நீங்கதானுங்களா?"

கேட்ட விதத்தில் மரியாதைக் குறைவு இல்லை. "ஆம், நான்தான்" என்றேன். அரங்கில் சலசலப்பு எழுந்தது. நன்றியுரை சொல்ல வந்தவர் ஒலிவாங்கியை அவசரமாகப் பிடித்துக்கொண்டார். கூட்டம் அத்துடன் முடிந்தது.

அன்று சொல்ல இடமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. என் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் செய்தி அரைகுறையாக உலவுவதை நான் விரும்பவில்லை என்பதே காரணம்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. சேலத்தில் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றபின் விமானப்படையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் ஓடிய ஓட்டத்தை நானும் ஓடினேன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஹெலிகாப்டர் பிரிவுகளில், தரையில் கழித்தேன். ஹெலிகாப்டரை ஓட்டுபவர் விமானி. அது இறங்க வேண்டிய இடத்தைத் தேர்ந்து, துப்புரவாக்கி, காற்றின் திசையைச் சொல்லி, கைச்சைகை காட்டி இறக்குபவர் தரையில் நிற்பவர். அந்த வேலையில் வாரண்ட் அதிகாரி நிலைவரை உயர்ந்து ஓய்வு பெற்றேன். நான் இறக்கிய இடத்தில் ஒரு ஹெலிகாப்டருக்கும் கீறல் விழுந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த வேலையை நான் கற்றது எங்கள் தளபதியிடம். பாலக்காட்டுக்காரர். ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து எடுப்பதைப் போல நிதானமாகத் தமிழ் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாங்கள் ஓர் இடத்தைத் தயார் செய்துவிட்டதாகத் தெரிவித்தால் அவர் பதில் சொல்ல மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இடத்தைச் சுற்றி ஒரு முறை நடப்பார். நடக்கும்போதே குனிந்து எதையோ எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒரு பால் பாக்கெட் உறை, ஒரு வாழைச்சருகு, சிமெண்டுச் சாக்கின் கிழிசல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்று, "நான் என்ன எடுத்தேன்?" என்று கேட்பார். பதில் தெரியாதவன் அன்று முழுவதும் அவர் கண்ணில் படாமல் இருக்க முயல்வான்.

அவர் ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த இடத்தில் பறக்கக்கூடியது என்ன இருக்கிறது?" ஹெலிகாப்டர் இறங்கும்போது அதன் விசிறி கீழே தள்ளும் காற்று, ஆடிக் காற்றைப் பார்த்தவர்களையும் திகைக்க வைக்கும். அந்தக் காற்றில் கிளம்பும் ஒரு துணியோ தகடோ சுழன்று மேலேறி விசிறியில் சிக்கினால் இயந்திரத்தையும் அதில் இருப்பவர்களையும் இழக்க நேரிடும். சுற்றி நிற்பவர்களும் தப்ப மாட்டார்கள்.

இப்போது அந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர், ஓர் ஐப்பசி மாதக் கடைசியில், கொல்லிமலையில் விடாமல் மழை பெய்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீரில் ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையில் இருந்த ஏரிகள் நிரம்பி வழிந்தன. ஒரு கிராமத்தின் இரு பக்கத்துப் பாலங்களும் மூழ்கிவிட்டன. வெள்ள நிவாரணத்துக்காக மாவட்ட நிர்வாகம் விமானப்படையின் உதவியைக் கோரியிருந்ததால், தொடர்பு அலுவலராக என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகன்யா என்ற பெண்ணுக்கு முந்தைய இரவு பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்குக் குறையில்லை. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பணியில் இருந்தவர் பர்வீன் என்ற இளம் மருத்துவர், சேலத்துக்காரர். ஊசி மருந்துகளையெல்லாம் கொடுத்து, உள்ளே துணி வைத்து அடைத்து, குளுக்கோஸ் ஏற்றி, செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டார். இரத்தமும் அறுவை அரங்கும் சேலத்தில் இருந்தன. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்தி போய், தளத்தில் ஹெலிகாப்டர் தயாராயிற்று. இறங்குமிடம் தேடும் பொறுப்பு எனக்கு. தண்ணீர் தன் இயந்திரத்தை எட்டிய நிலையில் ஓடிய ஒரு டிராக்டரில், வானொலிக் கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன். அந்த டிராக்டர் திரும்பிப் போக முடியாத அளவுக்குப் பின்னர் தண்ணீர் ஏறிவிட்டது.

வயலெல்லாம் சேறு. பள்ளிக்கூட மைதானத்தின் குறுக்கே மின்கம்பி போயிற்று. கெட்டியான, திறந்த, மேடான நிலம் அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: சேகோ ஆலையின் சிமெண்டுக் களம். குச்சிக்கிழங்கு மாவையும் ஜவ்வரிசியையும் வெயிலில் காயப்போடும் களத்தை நம் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். ஹெலிகாப்டருக்கென்றே கட்டியதைப் போல அகன்று தட்டையாகக் கிடந்தது. ஆனால் மழை விட்டு வெயில் தலைகாட்டியிருந்ததால், புளித்துக்கொண்டிருந்த ஈரமாவு முழுவதையும் அன்று காலையில்தான் அதன்மேல் பரப்பியிருந்தார்கள்.

ஆலைக்காரர் நல்லப்பனிடம் களம் வேண்டும் என்றேன்.

"ஏனுங்க ஆபீசர், மழ உட்டதே இன்னைக்குத்தானுங்க. மாவு மேலயே எறங்கச் சொல்லுங்க, மெத்துமெத்துன்னு இருக்கும்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மாவு கிளம்பினால் விமானிக்குத் தன் கையே தெரியாது என்று விளக்கினேன். நல்லப்பன் களத்தை ஒருமுறை பார்த்தார். அள்ளி உள்ளே போட்டால் அவ்வளவும் புளித்து வீணாகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நம்ம குமரேசன் சம்சாரம்ங்களா?" என்றார். ஆம் என்றேன்.

"அள்ளுங்க சாமி, நின்னுட்டு என்ன பாக்கறீங்க" என்று ஆட்களைப் பார்த்துச் சொன்னார். 

ஆலையில் வேலை செய்யும் பெண்கள் பலகையால் தள்ளி அள்ளினார்கள். ஹெலிகாப்டர் இறங்க அடையாளமாகக் களத்தின் நடுவில் பெரிதாக ஆங்கில எச் எழுத்து ஒன்று போடச் சொல்லிவிட்டு, நான் தளத்தோடு வானொலியில் பேசப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கோலம் போட்டுப் பழகிய கைகள் எழுதிய, ஓரம் பிசகாத வெள்ளை எழுத்து அங்கே இருந்தது.

"எதில் போட்டீர்கள்?"

"மாவுலதானுங்க. இங்க வேறென்னங்க இருக்குது?" என்றாள் ஒருத்தி.

குழாய் பிடித்து எல்லாவற்றையும் கழுவச் சொன்னேன். செங்கல்லை நனைத்துத் தேய்த்துச் சிவப்பில் அதே எழுத்தைப் போட்டார்கள். "அந்தளவு அழகா இல்லீங்க" என்று அவள் வருத்தப்பட்டாள்.

பின்னர் தளபதி செய்வதைப் போலவே களத்தைச் சுற்றி நடந்தேன். முறங்கள், காலிச் சாக்குகள், கூரையில் தளர்ந்திருந்த ஒரு தகரம், மாவை மூடும் தார்ப்பாய்கள் எல்லாம் கிடங்குக்குள் போயின. கதவுக்குத் தாழிட்டேன். ஆடுமாடுகளைத் தொலைவில் கட்டச் செய்தேன். ஊராரைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தி அறிவித்தேன்: துண்டைத் தோளில் யாரும் போடக்கூடாது, முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும், காற்று பேய்த்தனமாக அடிக்கும், உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நான் கூப்பிடும்வரை யாரும் அருகில் வரக்கூடாது.

கட்டிலோடு சுகன்யாவைத் தூக்கி வந்து, களத்தின் ஓரத்தில் நின்ற டிராக்டர் டிரெய்லரின் மறைவில் வைத்தார்கள். கணவன் குமரேசன் தலைமாட்டில் நின்றான். ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவன், பிரசவத்துக்காக வந்திருந்தான். அவன் தாயார் பாவாயி அம்மாள் கால்மாட்டில். மருத்துவர் பர்வீன் நாடியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "சார், பிரஷர் எறங்கிக்கிட்டே இருக்கு. சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார். கொல்லிமலைப் பக்கம் மேகம் மறுபடியும் கறுத்து வந்தது. வானொலியில் விமானி அதைத்தான் சொன்னார்: மேகம் அடைத்துவிட்டால் அவர் திரும்பியாக வேண்டும், மறுபடி வர இயலாது.

ஓசை கேட்டது. நான் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, ஹெலிகாப்டரை நோக்கி, இரு கைகளையும் உயர்த்தி நின்றேன். இந்த நிலையில் இருப்பவன் கண்ணை இயந்திரத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஆனால் கடைக்கண் என்று ஒன்று உண்டு. அதைப் பழக்குவதற்கே பல ஆண்டுகள் ஆகும். ஹெலிகாப்டர் பனைமர உயரத்துக்கு இறங்கி, அதன் முதல் காற்று களத்தைத் தொட்டபோது, டிரெய்லர் பக்கத்தில் நீலமாக ஏதோ ஒன்று வயிறு புடைத்து எழுந்தது.

தார்ப்பாய். டிரெய்லருக்கும் ஒரு சவுக்குக் கம்பத்துக்கும் நடுவில் கயிறு போட்டு, கட்டிலுக்குத் தடுப்பாகக் கட்டியிருந்தார்கள். ஒரு மூலை அப்போதே அவிழ்ந்துவிட்டது.

கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வீசினேன். இறங்காதே, போ என்று பொருள். விமானி கேள்வி கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் பயிற்சி. இயந்திரம் முக்கி மேலெழுந்து, ஏரிப் பக்கம் சாய்ந்து திரும்பிப் போயிற்று.

அந்தச் சில நிமிடங்களைத்தான் ஊர் இன்றும் பேசுகிறது. கயிற்றைத் தாண்டிக் கூட்டம் உள்ளே வந்தது. என் முதுகில் ஒரு மண்கட்டி விழுந்தது. குமரேசன் என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"போறானுங்க, போறானுங்க. ஏனுங்க அனுப்புனீங்க? கூப்புடுங்க, ஏனுங்க, கூப்புடுங்க."

பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. கட்டில் பக்கம் போய்க் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். பாவாயி அம்மாள் தார்ப்பாயின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உடமாட்டேன் சாமி. பச்ச ஒடம்பு. காத்து பட்டா ஜன்னி கண்டுரும். பேய்க்காத்து அடிக்கும்னு நீதானே சொன்னே? அந்தக் காத்துல அவளப் போடச் சொல்றியே, உங்கூட்டுப் பொம்பளைன்னா போடுவியா?"

என் அறிவிப்பை அந்த ஊரில் மிகக் கவனமாகக் கேட்டவர் அவர்தான் என்பது அப்போது புரிந்தது. பிள்ளை பெற்றவள்மேல் காற்றுப் படக்கூடாது என்று கதவிடுக்கிலெல்லாம் துணி அடைக்கும் குடும்பங்களில் பிறந்தவன் நான். அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது என் கட்டளைதான். கிடங்கின் பின்பக்கத்துச் சன்னல் வழியாகத் தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் பிறகும் விசாரிக்கவில்லை.

"அம்மா, இது பறந்து போய் அந்த விசிறியில் விழுந்தால் உங்கள் மருமகளும் இல்லை, நாமும் இல்லை" என்றேன்.

"அப்ப மறைப்புக்கு என்ன குடுப்பே? அதச் சொல்லு, உடறேன்."

பர்வீன் முந்திக்கொண்டார்: "நீங்களே மறைப்பா உக்காருங்கம்மா. நானும் உக்காரறேன்."

பாவாயி அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார். தார்ப்பாயை விட்டார். "ஏ புள்ளைங்களா, வாங்கடி" என்று குரல் கொடுத்தார். மாவு அள்ளிய பெண்கள் ஓடி வந்தார்கள். கட்டிலிலிருந்து இறக்கி, மெத்தையோடு சுகன்யாவைத் தரையில் வைத்து, கம்பளியால் சுற்றி, முந்தானைகளை இறுக்கிச் செருகி, தோளோடு தோள் நெருக்கி, காற்று வரும் திசைக்கு முதுகைக் கொடுத்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பாவாயி அம்மாள் மருமகளின் தலையைத் தன் மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். விதிப்படி, இயந்திரத்துக்கு அத்தனை அருகில் அத்தனை பேர் இருக்கக் கூடாது. தளபதியின் கேள்வியை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். அங்கே பறக்கக்கூடியது எதுவும் இல்லை. அனுமதித்தேன்.

தார்ப்பாயைச் சுருட்டி, அதன்மேல் நல்லப்பனையும் இன்னும் மூன்று பேரையும் உட்காரச் சொன்னேன். வானொலியில், இடம் தயார் என்றேன்.  மேகம் ஏரிக்கரைவரை இறங்கிவிட்டிருந்தது. குமரேசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது அவன் முகத்தில் இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை.

பிறகு, "வருகிறேன்" என்றது வானொலி.

இரண்டாம் முறை செங்கல் எழுத்தின்மேல் நேராக இறங்கியது. இயந்திரத்தை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பும் என்பதற்கு அந்த ஈரத்தில் யாரும் உறுதி சொல்ல முடியாது. வால் பக்கம் ஒருவரும் போகாதபடி நான் நின்றுகொண்டு, பக்கவாட்டில் சுகன்யாவை ஏற்றினோம். பர்வீன் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி உடன் ஏறினார். பாவாயி அம்மாள் யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டார். ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த குழந்தையை ஏந்திக்கொண்டு குமரேசன் களத்தில் நின்றான். அவர்கள் மலைப் பக்கத்தை விட்டு விலகிச் சேலத்தை நோக்கிச் சென்ற சற்று நேரத்தில் மழை கொட்டியது.

சுகன்யா பிழைத்தாள். கருப்பையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஹெலிகாப்டரைத் திருப்பியதால் வந்த தாமதமே அதற்குக் காரணம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. என்மேல் ஒரு புகார் மனுவும் போயிற்று. அறுவை செய்த மருத்துவரை நானே போய்ப் பார்த்துக் கேட்டேன். "முதல் தடவையே எறங்கியிருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு கேட்டா, தெரியலைங்க. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை நான் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை.

தளபதி என்னை அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"தார்ப்பாய் பறந்ததா?"

"ஒரு மூலை அவிழ்ந்தது. பறக்கவில்லை."

"பறந்திருக்குமா?"

"பறந்திருக்கும்."

"அதை அறிக்கையில் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுது."

எழுதினேன். படிப்பவருக்கு அது ஒரு தார்ப்பாயைக் கண்டு பயந்தவனின் அறிக்கையாகவே தோன்றியிருக்கும். நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி கிடையாது. நடந்த தாமதத்துக்கு ஊரே சாட்சி. தளபதி அதைப் படித்து, கையெழுத்திட்டு, மேலே அனுப்பினார். மனு முடித்துவைக்கப்பட்டது. பேச்சு முடியவில்லை.

ஓய்வுக்குப்பின் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக் குடியேறினேன். சென்ற தை மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் பாவாயி அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் சுகன்யா, மறுபக்கம் பள்ளிச் சீருடை வயதில் ஒரு பெண். பாவாயி அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்திலிருந்தவரிடம், நானும் கேட்கும்படியே சொன்னார்.

"அந்தா உக்காந்திருக்கறாரே, அவருதான். வந்த கெலிகாப்டரத் திருப்பி அனுப்புன ஆபீசரு."

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் இலையைப் பார்த்தேன்.

சுகன்யா தலையைத் தூக்காமலே, "அத்தை, அந்தத் தார்ப்பாயக் கட்டுனது யாருங்க?" என்றாள்.

"நாந்தான் கட்டுனேன். இல்லீன்னு எப்பச் சொன்னேன்? பச்ச ஒடம்புக்குக் காத்து ஆகாது. இன்னைக்கானாலும் கட்டுவேன்."

"இன்றைக்கானாலும் நான் திருப்பி அனுப்புவேன்" என்றேன்.

பாவாயி அம்மாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பெண் பாட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பரிமாறுகிற ஆள் ரச வாளியோடு எங்களுக்கு நடுவில் வந்து நின்றான்.

"ஏப்பா, ஆபீசரு எலையில சோறில்ல பாரு" என்றார் பாவாயி அம்மாள். "மொதல்ல அவருக்கு வெச்சுட்டு வா."